பெயர்ப் பட்டியலை யார் எழுதுவது?

(கும்மிடிப்பூண்டியில் நிவாரணத் தொண்டர்களுக்காக நடந்த பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் இந்த முகாமைக் கூட்டியிருக்கிறோம். இரவு ஷிப்ட் முடிந்து, தூங்காமல், ஆலை கேட்டிலிருந்து நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆகவே நீண்ட முகவுரை வேண்டாம், விஷயத்துக்கு வருவோம்.

ஆபத்துக் காலத்தில் ஜனங்களுக்கு உதவ ஓடுவது நம் இயக்கத்துக்குப் புதிய காரியமல்ல. 1943ல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. முப்பது லட்சம் பேர் மாண்டார்கள் என்பது பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னின் கணக்கு. பிரிட்டிஷ் சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷனே 15 லட்சம் என்று ஒப்புக்கொண்டது. அந்த நாட்களில் கம்யூனிஸ்டுகள் கஞ்சித் தொட்டிகள் வைத்தார்கள். மகளிர் தற்காப்புச் சங்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, அரிசி கேட்டுக் கல்கத்தா சட்டசபைக்கு ஊர்வலம் போனார்கள். ஓவியர் சித்தப்பிரசாத் மிதுனாபூர் கிராமங்களில் நடந்து திரிந்து, கண்ட பட்டினியைக் கோட்டோவியமாக்கிப் புத்தகமாகப் போட்டார். வெள்ளைக்காரன் அந்தப் புத்தகத்தையே பறிமுதல் செய்தான்!

ஆனால் அந்தப் பஞ்சத்தில் நாம் இன்று கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கல்கத்தாவில் ஆலைகளிலும் ஆபீசுகளிலும் யுத்த வேலைக்கு அவசியமானவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இருந்தவனுக்குச் சலுகை விலையில் அரிசி கிடைத்தது. பட்டியலில் இல்லாத கிராமத்துக் கூலிக்காரனும் மீனவனும் அந்தக் கல்கத்தா தெருவுக்கே வந்து விழுந்து செத்தான். நாட்டில் அரிசி இல்லாததால் மட்டும் வந்த பஞ்சமல்ல அது. பலருக்கு அரிசி பெறும் வழியே அடைபட்டுப் போனதால் வந்த பஞ்சம். அமர்த்தியா சென் 1981ல் வெளியிட்ட தன் நூலில் நிலைநாட்டியது இதைத்தான்.

ஓடிப்போவது ஒன்று. ஐம்பது தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு, பத்து நாள் சண்டையில்லாமல், கணக்குத் தவறாமல், உண்மையாகவே கஷ்டப்படுகிறவன் கையில் பொருள் போய்ச் சேரும்படி வேலையை நடத்துவது வேறொன்று. இந்த இரண்டாவது காரியத்தில் நாம் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. இதைச் சுயவிமர்சனமாகவே சொல்கிறோம்.

நாம் செய்த தவறு

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் இந்த மாவட்டத்தையும் சென்னையையும் மூழ்கடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் முழுவதும் வடிவதற்குள் நாங்கள் அரிசி, போர்வை, பாய், மெழுகுவத்தி சேர்த்துவிட்டோம். தொண்டர்களுக்குக் குறைவில்லை. கொடி கட்டிய வண்டி இருந்தது. ஆனால் பெயர்ப் பட்டியல்? ரேஷன் கடைப் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டோம். அதைவிடச் சுலபமான வழி தோன்றவில்லை. சர்க்காரும் அப்படித்தான் செய்தது. பாதிக்கப்பட்ட வட்டங்களில் 6,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடை வழியாகத்தான் கொடுத்தது. அட்டை இல்லாதவர்கள் விண்ணப்பம் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவன், போட்டோ, ஆதார், பாங்குக் கணக்கு எல்லாம் நனையாமல் வைத்திருந்தவன் கொடுத்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம், வேலை முடிந்தது என்று நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றார். ஏரிக்கரைக்கு அந்தப்புறம் பத்துப் பதினைந்து குடிசைகள். எல்லாரும் இருளர்கள். மூன்று நாளாகக் கரையின் மேட்டில் தார்ப்பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் வண்டி அந்தக் கரை வழியாகவே இரண்டு தடவை போயிருக்கிறது! "ஏம்மா நிறுத்தலை?" என்று கேட்டோம். "எங்க பேரு உங்க பேப்பர்ல இல்லைன்னு அந்தத் தம்பி சொல்லிட்டாருங்க" என்றார்.

அந்தத் தம்பி கெட்டவர் அல்ல. கொடுத்த பட்டியலை ஒழுங்காகப் பின்பற்றியவர். தவறு அவருடையதல்ல, பட்டியலை அவர் கையில் கொடுத்த எங்களுடையது.

தோழர்களே, இந்தக் கும்மிடிப்பூண்டிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்காட் ஆலைகள், தேர்வாய்க்கண்டிகை, ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் செங்கல் சூளைகள், அரிசி ஆலைகள், பழவேற்காட்டு ஏரி, இலங்கைத் தமிழர் முகாம்: இங்கே எந்தப் பட்டியலிலும் நிலையாக நிற்காத மூன்று வகை ஜனங்கள் இருக்கிறார்கள். முதலாவது, பட்டாவும் ஜாதிச் சான்றிதழும் கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து தேய்ந்த இருளர். இரண்டாவது, உருக்காலையிலும் சூளையிலும் உழைக்கிற பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளி. அவருடைய ரேஷன் அட்டை அவருடைய கிராமத்தில் மனைவி கையில் இருக்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் என்ற திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1ல் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் குடும்பம் ஊரில் வாங்கிவிட்ட அரிசியை இவர் இங்கே மறுபடி வாங்க முடியுமா? மூன்றாவது, இலங்கையிலிருந்து யுத்தத்துக்குத் தப்பி வந்த தமிழர். முகாம் பதிவேட்டில் அவர் பெயர் உண்டு. வாக்காளர் பட்டியலில் இல்லை. 2021ல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று சர்க்கார் மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். பிரஜா உரிமை இன்னும் வரவில்லை.

ஓட்டு இல்லாதவனுக்கு முதல் படகு வருவதில்லை. இதை மாற்றுவதற்காகத்தானே நாம் போகிறோம்? அப்படியிருக்க, சர்க்காரின் பட்டியலையே நகலெடுத்துக்கொண்டு போனால் நமக்கும் சர்க்காருக்கும் என்ன வித்தியாசம்?

கான்ட்ராக்டர் கையில் உள்ள பட்டியலை நம்பலாமா? 1979ம் வருடத்து வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேரை அழைத்து வந்தாலே பதிவு செய்ய வேண்டும், போட்டோ ஒட்டிய பாஸ்புத்தகம் கொடுக்க வேண்டும் என்றது. எத்தனை பேர் கையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தோம்? 2025 நவம்பர் 21ல் அமுலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்தச் சட்டத்தையும் விழுங்கிவிட்டன. இப்போது ஐந்து பத்தாகிவிட்டது. ஒன்பது பேரை அழைத்து வருகிறவன் கணக்கிலேயே வரமாட்டான்.

பாடு முறை சொல்லும் பாடம்

பட்டியலை அந்தந்த ஊர்க்காரர்களிடமே விட்டுவிடலாமே என்று ஒரு தோழர் காலையில் கேட்டார். நல்ல கேள்வி. அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது.

பழவேற்காட்டு மீனவர்களிடம் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் வலை கட்டுகிற இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு வேறு இடம். எந்த அதிகாரியும் வந்து சொல்லிக்கொடுத்ததல்ல. தலைமுறை தலைமுறையாக ஜனங்களே நடத்தி வருகிற ஏற்பாடு. நிர்வாகம் படித்தவர்கள் தலைமை, கூட்டுமுடிவு என்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்களே, அதெல்லாம் இந்த ஏரியில் எழுத்தில்லாமலே நடக்கிறது. ஆனால் அந்தச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? பட்டினவர் சமூகத்து ஆண்களின் பெயர். அதே ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிற இருளப் பெண்ணின் பெயர் அதில் இல்லை.

2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தபோதும் இதுவே நடந்தது. கடலோரக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்துகள் கட்டுக்கோப்பாக நின்று நிவாரணத்தை வாங்கின, பகிர்ந்தன. அது பெரிய பலம். ஆனால் மீன் சுமக்கிற, உப்பளத்தில் வேலை செய்கிற தலித் குடும்பங்களும் இருளரும் பல ஊர்களில் விடுபட்டுப் போனார்கள். இது அன்றே பல அறிக்கைகளில் பதிவான உண்மை. மறுபுறம், யாரும் கேட்காத பழைய துணிகள் லாரி லாரியாக வந்து நாகப்பட்டினத்து ரோட்டோரம் குவிந்தன. யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் அனுப்பினால் அப்படித்தான் ஆகும். பிறகு நாகையில் மீனவர் சம்மேளனமும் தொண்டு ஸ்தாபனங்களும் சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் வைத்து, யார் எங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று தினமும் எழுதி வைக்க ஆரம்பித்த பிறகுதான் குழப்பம் ஓரளவு தெளிந்தது.

ஆகவே எங்கள் யோசனை இது. பட்டியலை மூன்று பேர் சேர்ந்து எழுத வேண்டும். ஒருவர் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த பெண். ஒருவர் வெளியிலிருந்து போகும் தொண்டர். மற்றொருவர் அந்த ஊரில் ஒதுக்கப்பட்ட பகுதியைச் சேர்ந்தவர். இவர் இல்லாமல் பேனாவைத் திறக்கவே கூடாது. எழுதி முடித்ததும் தெருவில் நின்று உரக்கப் படிக்க வேண்டும். "யார் பேர் விட்டுப்போச்சு?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். வெளிமாநிலத் தோழர்கள் இருக்கும் லைன் வீடுகளில் இந்தியிலும் ஒடியாவிலும் கேட்க வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். பொருள் கொடுத்து முடித்த பிறகு அதே தெருவில் கணக்கையும் படிக்க வேண்டும்: வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, மீதி எங்கே. கணக்கைக் காரியாலயத்தில் பூட்டி வைத்துவிட்டு நேர்மையைப் பற்றிப் பேசினால் எவன் நம்புவான்?

படகில் யார் தலைவர்?

தலைமை என்றால் என்ன என்று இரண்டு நாளாக விவாதித்தீர்கள். யாருக்குக் குரல் பெரியதோ அவரையே குழுத் தலைவராகப் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கூட்டத்தில் பேசுவதற்கு அது உதவும். வெள்ளத்தில் உதவாது.

ராத்திரி கூடி உட்காரும்போது எல்லாரும் பேச வேண்டும். நேற்று சேர்ந்த மாணவன் மாவட்டக் கமிட்டித் தோழரைக் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். விடிந்து தண்ணீரில் இறங்கிய பிறகு ஒருவர் சொல்லுக்குத்தான் கீழ்ப்படிய வேண்டும். படகு ஆடும்போது ஓட்டெடுப்பு நடத்த முடியாது! அந்த ஒருவர் யார்? கமிட்டிச் செயலாளர் அல்ல, தண்ணீர் தெரிந்தவர். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது படகுகளைக் கொண்டுவந்து தெருக்களில் ஓட்டியவர்கள் மீனவர்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கான உயிர்களை மீட்டார்கள். அதிகாரிகள் பின்னால் உட்கார்ந்தார்கள். வேலைக்கு வேலை தலைமை மாற வேண்டும். சமையலில் சமைக்கத் தெரிந்த அம்மா தலைவர். மருந்தில் நர்ஸ் தலைவர்.

மொழி தெரிந்தவரும் அப்படியே. 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ் நம் கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, ஒரு பெட்டியில் தீ பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது நம் நல்ல காலம். இருட்டில் ஊர் ஜனங்கள் ஓடிப்போய் உதவினார்கள். ஆனால் பயணிகளில் பெரும்பாலோர் பீகாரிகள். அந்த நேரத்தில் தமிழும் இந்தியும் தெரிந்த ஒருவர் பத்துத் தொண்டர்களுக்குச் சமம். அத்தகைய தோழர்கள் நம் ஆலைகளிலேயே இருக்கிறார்கள். அவர்களைச் சந்தா வாங்கவும் ஊர்வலத்துக்கு அழைக்கவும் மட்டும் நினைவு வைத்திருக்கிறோமே, குழுத் தலைமையில் வைத்தோமா?

2020ல் பட்ட பாட்டைச் சொல்லுகிறோம். மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நாலு மணி நேரத்தில் நாடே பூட்டப்பட்டது. ரயில் இல்லை, பஸ் இல்லை. தொழிலாளர்கள் ஜி.என்.டி. ரோட்டில் ஆந்திரா எல்லையை நோக்கி நடந்தார்கள். மே 1ந் தேதிதான் முதல் சிறப்பு ரயில் நாட்டில் கிளம்பியது. அந்த ஐந்து வாரம் நாங்கள் அரிசி மூட்டையோடு லைன் வீடுகளுக்குப் போனோம். பீகார்த் தோழர்கள் ஆட்டா மாவும் உருளைக்கிழங்கும் கேட்டார்கள். சரி, வடக்கத்தியருக்கெல்லாம் சப்பாத்தி என்று முடிவு கட்டி, சோறு தின்கிற ஒடிசாக்காரருக்கும் ஆட்டாவைக் கொடுத்த கூத்தும் நடந்தது! எல்லாரும் ஒருமுகமாகக் கேட்டது ஒன்றே ஒன்று. போன் ரீசார்ஜ். வீட்டில் தாய் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க வேண்டும், ரயில் எப்போது என்று தெரிய வேண்டும். அதை அநாவசியச் செலவு என்று முதல் வாரம் மறுத்தோம். அவர்களில் இரண்டு பேர் எங்கள் குழுவில் இருந்திருந்தால் அந்த வாரம் வீணாகியிருக்காது.

தொண்டரும் மனிதர்தான்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அதே 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, முதல் நாட்களில் மீனவர்கள் வெறுங்கையாலும் வாளியாலும் அதை அள்ளியதைப் பார்த்தோம். தியாகம் என்று கைதட்டுவது சுலபம். கையுறையும் பூட்சும் முகமூடியும் இல்லாமல் ஒருவரையும் இறங்க விடாதவர்தான் குழுத் தலைவர். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் வேலை செய்யக்கூடாது. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடுகிற நாம் நிவாரணத்தில் மட்டும் தொண்டனை இருபது மணி நேரம் ஓட்டுவது என்ன நியாயம்? தூங்காதவன் நாலாம் நாள் வரிசையில் நிற்கிற கிழவியிடம் எரிந்து விழுகிறான். கணக்கைத் தப்பாக எழுதுகிறான். தலைவர் கடைசியில் சாப்பிட வேண்டும், முதலில் தூங்க அனுப்ப வேண்டும்.

வெளிநாட்டு அளவுகோல்

தொண்டு நிறுவனங்களைப் பற்றி நமக்கு விமர்சனம் உண்டு. நிதி கொடுப்பவன் சொல்படி ஆடுகிற ஸ்தாபனங்கள் உண்டு. நிரந்தர உரிமையைத் தற்காலிக தர்மமாக மாற்றுகிறவர்களும் உண்டு. அதற்காக அவர்களிடம் கற்க ஒன்றுமில்லை என்று சொல்வது மூடத்தனம். 1994ல் ருவாண்டாவில் படுகொலை நடந்து, லட்சக்கணக்கான அகதிகள் அன்றைய ஜையர் நாட்டின் கோமாவில் குவிந்தார்கள். ஏராளமான சர்வதேச அமைப்புகள் அங்கே இருந்தும் பல்லாயிரம் பேர் காலராவில் மாண்டார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு அவர்கள் தங்களைத் தாங்களே விசாரித்துக்கொண்டு, 1997ல் ஸ்பியர் என்ற பெயரில் குறைந்தபட்ச அளவுகளை வகுக்கத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு கழிப்பிடம். தங்க ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர்.

இந்த அளவை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு நம் பகுதி லைன் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளமில்லாத சாதாரண நாளில், எத்தனை இடத்தில் 20 பேருக்கு ஒரு கழிப்பிடம் இருக்கிறது? அகதி முகாமுக்கு உலகம் வகுத்த குறைந்தபட்சம்கூட, ஏற்றுமதிக்குச் சரக்கு செய்கிற தொழிலாளிக்கு இல்லையென்றால், எது பேரிடர், எது அன்றாட வாழ்க்கை?

2016ல் இஸ்தான்புல்லில் உலக மனிதாபிமான மாநாடு கூடியது. நிவாரண நிதியில் கால் பங்கை 2020க்குள் உள்ளூர் ஸ்தாபனங்களிடம் ஒப்படைப்போம் என்று பெரிய நாடுகளும் பெரிய அமைப்புகளும் வாக்குக் கொடுத்தன. வருடம் கடந்தது, வாக்கு நிறைவேறவில்லை. ஜெனிவாவில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளூர்க்காரனை நம்பவில்லை என்று நாம் குற்றம் சாட்டலாம். சாட்டுவதற்கு முன், காரியாலயத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் ஏரிக்கரைக் குடிசைக்காரியை நம்பினோமா என்றும் கேட்டுக்கொள்வோம்.

நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தூரத்தில் இல்லை. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984ல் ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். அவர்கள் அரசியல் வேறு, நம் அரசியல் வேறு. ஆனால் அந்த ஸ்தாபனத்தில் அகதிகளுக்காக வேலை செய்கிறவர்கள் அகதிகளே. முகாம் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் நடத்துவதும், சுகாதார ஊழியராகப் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போவதும் முகாம் பெண்களே. நாற்பது வருடமாகத் தாக்குப் பிடித்ததற்குக் காரணம் வேறென்ன?

தண்ணீர் வடிந்த பிறகு

நிவாரணம் பத்து நாள். அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பம். ஏரிக்கரையில் விடுபட்டவர்களின் பெயரை எழுதினோமே, அந்தக் காகிதத்தை எறிந்துவிடக் கூடாது. அதுதான் பட்டா மனுவின் முதல் பக்கம். சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தவர்களைப் பார்த்தோமானால், 1976ம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி விடுதலைச் சான்றிதழ் கோர வேண்டும்; சான்றிதழ் கையில் இல்லாமல் ஊருக்கு அனுப்பினால் மறுவருடம் வேறொரு சூளைக்கு வந்து நிற்பார்கள். போர்வை கொடுத்த அதே குழு, அதே தலைவர்கள், அதே பட்டியலோடு தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும். அங்கே போகும்போது, பேப்பரில் பெயர் இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போனாரே, அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் முன்னால் நடக்க வேண்டும், நாம் பின்னால்.

சாப்பாடு தயார் என்று சொல்லுகிறார்கள். சாப்பிட்டதும் மூன்று குழுக்களாகப் பிரிவோம். ஒன்று சிப்காட் லைன் வீடுகளுக்கு, ஒன்று ஊத்துக்கோட்டைச் சாலைச் சூளைகளுக்கு, ஒன்று பழவேற்காட்டு ஏரியோரத்துக்கு. இந்தியும் ஒடியாவும் தெரிந்த தோழர்கள் எந்தக் குழுவோடு போவது என்பதை அவர்களே முதலில் சொல்லட்டும். மற்றவர்களைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம். இன்று பொருள் எதுவும் கொண்டுபோக வேண்டாம், கொடியும் வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும். இரவு ஷிப்ட் பார்த்த தோழர்கள் மட்டும் இப்போது வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும். அவர்கள் பெயரை நாளைய குழுவில் எழுதியிருக்கிறோம். விடுபட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.